வாலில் மாட்டிய பெட்டி

சுவருக்குள் போன கூட்ஸ் வண்டி திரும்பி வந்தது. கடைசிப் பெட்டியைக் காணோம்.

தம்பிக்காரர் வண்டியை நிறுத்தினார். மேசை மேல் கன்னத்தை வைத்துப் படுத்து, சுவரிலிருந்த பொந்துக்குள் எட்டிப் பார்த்தார். கொஞ்சம் இருட்டு, அதற்கு அப்பால் ஒரு சாண் தண்டவாளம், அதற்கும் அப்பால் ஒரு சட்டைப் பொத்தான். அண்ணனுடைய பொத்தான். பொத்தான் தன்னைப் பார்த்துவிட்டது போலச் சட்டென்று தலையை இழுத்துக்கொண்டார்.

"போறப்ப கடைசியில ஒரு பச்சைப் பெட்டி இருந்துச்சேங்க?" என்று கதவருகே நின்றபடி கேட்டாள் மனைவி.

"இருந்துச்சு."

"இப்ப இல்லையே."

"இல்ல."

"போய்க் கேட்டா என்ன?"

"யாரை?" என்றார் தம்பிக்காரர், சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் வானம்தான் இருக்கிறது என்பது போல.

இந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அண்ணனும் தம்பியும் ஒன்றாக இருந்த வீடு இது. நடு அறையை ஒரு பெரிய மேசை அடைத்துக்கொண்டிருந்தது. அதன் மேல் இரண்டு பேரும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சேர்ந்து போட்ட குட்டி ரயில் பாதை. உள்ளங்கைக்குள் அடங்கும் எஞ்சின், அதற்கேற்ற சரக்குப் பெட்டிகள். பொம்மை ரயில் என்று யாராவது சொன்னால் இரண்டு பேர் முகமும் ஒரே சமயத்தில் கறுக்கும். அந்த விஷயத்தில் மட்டும் கடைசிவரை ஒற்றுமை.

வீட்டை இரண்டாகப் பிரித்துச் சுவர் எழுப்பியபோது, மேசையை அறுத்தால்தான் வேலை நடக்கும் என்றார் கொத்தனார். பல மாதங்களாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்த இருவரும் ஒரே குரலில் கூடாது என்றார்கள். கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டு, மேசைக்குக் கீழேயும் மேலேயும் செங்கல் அடுக்கி, வண்டி போக ஒரு பொந்தும் வர ஒரு பொந்தும் விட்டுவிட்டுப் போனார்.

பாகம் பிரித்த அழகு வேறு. எஞ்சினும், கரண்டைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரும் தம்பிக்கு. கூட்ஸ் ஷெட்டும், வண்டியின் கடைசியில் வர வேண்டிய கார்டு பெட்டியும் அண்ணனுக்கு. இவர் கரண்ட் கொடுக்காமல் அங்கே ஒன்றும் நகராது. அவர் பாதை விடாமல் இங்கே ஒன்றும் சுற்றாது. இந்தப் பக்கத்துக்குள்ளேயே சின்னதாக ஒரு வட்டம் போட்டுக்கொள்ளலாமே என்று மனைவி ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். வளைவு போதாது என்று ஏதோ கணக்குச் சொன்னார் தம்பிக்காரர். கணக்கெல்லாம் ஒன்றுமில்லை. வேலை முடிந்து வந்து வண்டியைப் பொந்துக்குள் அனுப்பிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால், அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தமும் ஒரு இருமலும் கேட்கும். அதற்காகத்தான்.

சண்டை வந்ததும் ஒரு பெட்டியால்தான். தம்பிக்காரர் முதன்முதலில் பாகம் பாகமாக வரும் கிட்டைத் தானே வாங்கி, தானே கட்டிய சரக்குப் பெட்டி. வீடு நிறைய உறவினர்கள் வந்திருந்த நாளில் அதை ஓடவிட்டார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அண்ணன்காரர் அதைக் கையில் தூக்கினார், கண்ணருகே பிடித்தார், "கோணல்" என்றார். அங்கேயே திருப்புளியை எடுத்து அடியிலிருந்த இரண்டு சக்கரச் சட்டங்களையும் கழற்றி மாட்டி மறுபடி பாதையில் வைத்தார். பெட்டி முன்னைவிட நன்றாக ஓடியது. அதுதான் மன்னிக்க முடியாமல் போயிற்று.

"இனிமே என் பெட்டி மேல கை வெக்காதே" என்றார் தம்பிக்காரர்.

"நீயா அனுப்பினா ஒழிய தொடமாட்டேன், போ" என்றார் அண்ணன்காரர்.

அங்கே ஆரம்பித்தது, தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி, மின்சார மீட்டர் என்று ஒவ்வொன்றாகத் தொற்றிக்கொண்டு சுவரில் போய் முடிந்தது.

அண்ணன்காரருக்குக் கடைகளில் தராசும் எடைக்கல்லும் சரியாக இருக்கின்றனவா என்று சோதிக்கும் உத்தியோகம். வீட்டுக்கு வந்தாலும் அந்த உத்தியோகம் அவரை விடாது. ரயில் மேசைக்கென்று ஒரு சட்டப் புத்தகமே மனதில் வைத்திருந்தார். தேநீர்க் கோப்பை மேசைக்குக் கை எட்டும் தூரத்தில் வரக்கூடாது. பெட்டியைக் கூரையைப் பிடித்துத் தூக்கக்கூடாது. கொக்கிக்கு எண்ணெய் கூடாது, பென்சில் தூள்தான். நொண்டும் பெட்டி வண்டியின் வாலில்தான் வர வேண்டும். தண்டவாளத்தை விரலால் துடைக்கக்கூடாது. பேசிக்கொண்டே பசை தொடக்கூடாது. சுவர் எழும்பிய அன்றே தம்பிக்காரர் இதையெல்லாம் காற்றில் பறக்கவிட்டார். முதல் வேலையாக மேசை மேலேயே தேநீரை வைத்துக் குடித்தார். ஏனோ ருசிக்கவில்லை.

இத்தனை சட்டம் பேசுகிறவர் வாயிலிருந்து வரும் உச்சபட்சப் பாராட்டு, 'பரவாயில்லை.' தராசு முள் நடுவில் அசையாமல் நின்றால் கடைக்காரரிடம் 'பரவாயில்லை' என்பார். அந்தக் கடைக்காரர் அன்றைக்கு முழுக்கத் தலைகால் புரியாமல் திரிவார். அந்த ஒரு வார்த்தை தம்பிக்காரருக்கு இதுவரை கிடைத்ததில்லை. நாற்பதைத் தாண்டி, பெயர் சொன்னால் தெரிகிற அளவுக்குத் தொழிலில் நின்ற பிறகும், அந்த வார்த்தைக்காக அவருக்குள் ஒரு ஏக்கம் உட்கார்ந்திருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அவர் சொல்வதில்லை.

அதற்காகத்தான் அந்தப் பச்சைப் பெட்டியைக் கட்டினார்.

அவர் பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பவர். கடைவாய்ப் பல்லை மயிரிழை மயிரிழையாக ராவிப் பழகிய கை. கிட்டிலிருந்து வந்த ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் ஒட்டியிருந்த பிசிறை ராவி எடுத்தார். பிளாஸ்டிக் சக்கரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு உலோகச் சக்கரம் மாட்டினார். ஒரு சக்கரச் சட்டத்தின் திருகை இறுக்கமாகவும் மற்றதைக் கொஞ்சம் தளர்த்தியும் வைத்தார். அப்படி வைத்தால்தான் பாதை மேடுபள்ளமாக இருந்தாலும் பெட்டி நான்கு காலையும் ஊன்றிப் போகும். கொக்கியின் உயரத்தை அளவு வைத்துப் பார்த்தார். பெட்டி ஆடாமலிருக்க, பல்லுக்கு வார்க்கும் உலோகத்தில் ஒரு கட்டியை அளந்து உள்ளே ஒட்டினார். கொக்கிக்கு எண்ணெய் விடப் போனவர், எண்ணெயை வைத்துவிட்டுப் பென்சிலைச் சீவினார். சட்டம் பறந்தாலும் கை பழக்கம் பறக்கவில்லை.

பிறகு அதை எங்கே மாட்டுவது என்று யோசித்தார். நடுவில் மாட்டினால் முன்னும் பின்னும் உள்ள பழைய பெட்டிகள் மறைக்கும். கடைசியில் மாட்டினால் பின்பக்கமும் முழுசாகத் தெரியும். பொந்துக்குள் மறையும்வரை அண்ணனின் கண் அதன் மேலேயே இருக்கும். கார்டு பெட்டிதான் இந்தப் பக்கம் இல்லையே, வால் காலியாகத்தான் கிடந்தது. மாட்டினார், அனுப்பினார்.

வண்டி வந்தது. பெட்டி வரவில்லை.

கொக்கி கழன்றிருக்கிறது என்று அவர் முடிவு கட்டினார். அண்ணன் போட்ட பாதையில் குற்றம் இருக்கும் என்று அவருக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. அந்தப் பாதையின் இணைப்புகளை விரலால் தடவினால்கூடத் தெரியாது. எனவே தப்பு தன்னுடையது. அண்ணன் கண் முன்னாலேயே கொக்கி கழன்று நட்ட நடுப் பாதையில் பெட்டி அநாதையாக நின்றிருக்கிறது. அந்தப் பொத்தானுக்கு மேலே இருந்த முகம் என்ன சொல்லியிருக்கும் என்பதை அவரால் ஊகிக்க முடிந்தது. ஒரே வார்த்தை. மூன்றெழுத்து.

அடுத்த கிட் வந்தது. இந்த முறை எண்ணெய் ஏற்றும் டாங்கிப் பெட்டி. கொக்கியின் சுருள்வில்லை மாற்றினார். தன் பக்கத்துத் தண்டவாளத்திலேயே முன்னும் பின்னும் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்தார். இழுத்தாலும் தள்ளினாலும் அசைந்துகொடுக்கவில்லை. வாலில் மாட்டி அனுப்பினார். வண்டி வந்தது. டாங்கி வரவில்லை.

"வரதட்சணை மாதிரி போயிட்டே இருக்கு" என்றாள் மனைவி.

அவளுக்கு மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது அண்ணியோடு பேச்சு உண்டு. ஆனால் ரயில் பேச்சை மட்டும் எடுப்பதில்லை என்று இரண்டு பேரும் சேர்ந்து சபதம் செய்திருந்தார்கள். அந்தப் பேச்சு ஏற்கெனவே ஒரு சுவர் அளவுக்கு வளர்ந்துவிட்டதாம்.

தம்பிக்காரர் மறுபடி யோசித்தார். புதுப் பெட்டிகளில் கனம் கணக்காக இருக்கிறது, பழையவைதான் இலேசாக இருந்து குதிக்கின்றன, அந்தக் குதிப்பில் கொக்கி கழல்கிறது. ஆகவே பழைய பெட்டிகள் எல்லாவற்றுக்குள்ளும் பல் உலோகத்தை ஒட்டினார். வாலில் புதிதாகக் கட்டிய திறந்த பெட்டி ஒன்றை மாட்டினார். ரெகுலேட்டர் குமிழைத் திருப்பினார்.

எஞ்சின் முனகிக்கொண்டே பொந்துவரை போய், பொந்துக்குள் பாதி நுழைந்து, நின்றுவிட்டது. சக்கரம் மட்டும் சுற்றியது. கரிந்த வாடை வந்தது. தம்பிக்காரர் பதறிப்போய் ஒட்டடைக்கோலை எடுத்துவந்து பின்பக்கத்தில் வைத்து ஒரு தள்ளு தள்ளினார். வண்டி பிய்த்துக்கொண்டு போயிற்று. கோலின் முனையும் கூடவே போயிற்று. அந்தப் பக்கம் எதையோ போய் இடித்தது. திருகாணி டப்பா ஒன்று கீழே விழுந்து, திருகாணிகள் தரையெங்கும் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

தம்பிக்காரர் கோலைப் பிடித்தபடி மூச்சைக்கூட விடாமல் நின்றார். இப்போது வரும். "டேய், கண்ணை எங்கடா வெச்சிருக்கே" என்று வரும். முன்பெல்லாம் ஒரு திருகாணி விழுந்தாலே வரும். இப்போது டப்பாவே விழுந்திருக்கிறது.

ஒன்றும் வரவில்லை. குனிந்து பொறுக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. திட்டுக்காக இப்படிக் காத்திருப்போம் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. அழுகை வருவது போலிருந்தது. அதற்குள் வண்டி மற்றப் பொந்து வழியாக வந்து நின்றது. திறந்த பெட்டி வரவில்லை. அதைப் பற்றி அன்று அவருக்கு வருத்தம்கூட வரவில்லை.

மறுநாள்தான் ரோஷம் வந்தது. பழைய பெட்டிகளில் ஒட்டிய உலோகத்தையெல்லாம் பெயர்த்துப் போட்டார். கொக்கியை நம்பினால்தானே வம்பு என்று, நான்காவதாகக் கட்டிய பெட்டியை அதற்கு முந்திய பெட்டியோடு பல் கட்டும் கம்பியால் முறுக்கிக் கட்டினார். யானையே இழுத்தாலும் வராது. மனைவி பார்த்துவிட்டு, அவளுடைய மேல்வரிசைப் பல்லைக்கூட அவர் இத்தனை அக்கறையாகக் கட்டியதில்லை என்றாள். வண்டியை அனுப்பிவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பக்கம் போன வண்டி தயங்கியது. சக்கரச் சத்தம் மாறியது. எதுவோ பின்னாலிருந்து இழுக்கிறது. தம்பிக்காரர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து குமிழைக் கூட்டினார். வண்டி ஒரு விரற்கடை முன்னேறி, மறுபடி பின்னுக்குப் போனது. இன்னும் கூட்டினார். சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு குடும்பஸ்தர்கள், உள்ளங்கையளவு வண்டியை வைத்துக்கொண்டு கயிறிழுக்கும் போட்டி நடத்தினார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் படீரென்று ஒரு சத்தம். எஞ்சின் அம்பாகப் பாய்ந்து பொந்து வழியாக வெளியே வந்து, வளைவில் நிற்காமல் மேசையை விட்டே குதித்து, அவர் மடியில் விழுந்தது.

இந்த முறையும் வால்பெட்டியைக் காணோம். ஆனால் அறுந்த கம்பியில் சிக்கி ஒன்று கூடவே வந்திருந்தது. திருகாணியைப் பிடித்தெடுக்கும் ஒரு சாமணம். பிடியில் நீல ஒட்டுநாடா சுற்றிய, அண்ணன்காரரின் சாமணம்.

தம்பிக்காரருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கொக்கி ஒரு நாளும் கழலவில்லை. அண்ணன் கழற்றியிருக்கிறார். கை வைக்கக்கூடாது என்று சொன்ன பெட்டிகளின் மேல், கூசாமல், ஒவ்வொன்றாகக் கை வைத்திருக்கிறார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

"திருடனைப் பாக்க" என்று சாமணத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இப்பவாவது கிளம்பினீங்களே. செருப்பைப் போட்டுட்டுப் போங்க."

அண்ணனின் பாதி வீட்டுக்கு வாசல் பின்தெருவில். சுவர் வந்த பிறகு அவர் அந்தத் தெருப்பக்கமே போனதில்லை. சாமணத்தைக் கத்தி போலப் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் கேட்கவேண்டிய கேள்விகளை அடுக்கிக்கொண்டே போனார். கதவைத் தட்டினார். அண்ணி திறந்தார். அவரைப் பார்த்ததும் அண்ணியின் முகம் மலர்ந்ததில், அடுக்கிய கேள்விகளில் பாதி சரிந்துவிட்டன.

"வாங்க தம்பி. இத்தனை நாளாச்சா வர?"

மீதிப் பாதியோடு உள்ளே போனார். நடு அறை. அவர் வீட்டு மேசையின் மறுபாதி. அதன் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தார் அண்ணன்காரர். ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி. முன்னால் வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் பச்சைப் பெட்டி, டாங்கி, திறந்த பெட்டி மூன்றையும் அக்கக்காகப் பிரித்துப் பரப்பியிருந்தார். கூரை தனி, சக்கரம் தனி, திருகு தனி. பக்கத்தில் ஒரு குட்டித் தராசு. அதன் ஒரு தட்டில் அவர் வார்த்து ஒட்டிய பல் உலோகம். சற்றுமுன் வந்த பெட்டி மல்லாந்து தன் முறைக்குக் காத்திருந்தது.

உறவினர்கள் முன்னால் நடந்த அதே காரியம். ஆள் இல்லை என்பதுதான் வித்தியாசம். தம்பிக்காரருக்குக் காது சிவந்தது. ஆனால் பேசுவதில்லை என்று இருக்கிற மனிதரிடம் நேரே எப்படிக் கேட்பது?

"அண்ணி, என் பெட்டியை எதுக்கு எடுத்தார்னு கேளுங்க."

அண்ணன்காரர் தலையை நிமிர்த்தவில்லை. "எதுக்கு அனுப்பினான்னு அவனைக் கேளு" என்றார்.

"நான் எங்க அனுப்பினேன்? ஓட்டினேன், அவ்வளவுதான்."

"வாலுல மாட்டித்தானே ஓட்டினான்?"

தம்பிக்காரர் மல்லாந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார். அப்போதுதான் அந்தப் பழைய சட்டம் ஞாபகம் வந்தது.

நொண்டும் பெட்டி வண்டியின் வாலில்தான் வர வேண்டும். சேர்ந்து வேலை செய்த காலமெல்லாம், சரியாக ஓடாத பெட்டியைத் தம்பி கடைசியில் மாட்டி அனுப்புவார், கூட்ஸ் ஷெட் பக்கம் உட்கார்ந்திருக்கும் அண்ணன் கழற்றி வைத்துக்கொண்டு பழுது பார்ப்பார். சுவரோடு சேர்த்து அவர் மறந்துபோன சட்டத்தை, சுவருக்கு இந்தப் பக்கம் ஒருவர் மறக்காமல் வைத்திருந்தார். பார்த்துப் பார்த்துக் கட்டியதை எல்லாம், ஒன்று விடாமல், நொண்டி என்று தானே எழுதி ஒட்டி அனுப்பியிருக்கிறார். அதுவும் இந்த மனிதரிடம்.

கையிலிருந்த சாமணத்தை மெல்ல மேசை மேல் வைத்தார். இனி தீர்ப்புதான் பாக்கி. கோணல் என்று சொல்லிவிட்டால், கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். அந்தக் குரலில் எதைக் கேட்டாலும் போதும் என்று இருந்தது.

அண்ணன்காரர் பூதக்கண்ணாடியைக் கழற்றினார். தம்பியை ஒரு தரம் பார்த்தார், பரப்பி வைத்ததை ஒரு தரம் பார்த்தார். பிறகு, பரீட்சையில் தோற்றவர் போல முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு, கை கழுவ வேண்டும் என்று முனகியபடி உள்ளே போய்விட்டார்.

தம்பிக்காரர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி உள்பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"மொதப் பெட்டி வந்த அன்னைக்கு, தம்பி என்னைக் கூப்பிட்டுட்டான்னு வீடு பூரா சொல்லிட்டுத் திரிஞ்சாரு. அன்னையிலிருந்து பிரிக்கிறாரு, பூட்டுறாரு, எடை போடுறாரு, எங்க நொண்டுதுன்னு ஒண்ணுலயும் கண்டுபிடிக்க முடியல. அப்படி என்னதான் குறை வெச்சு அனுப்பினீங்கன்னு நீங்களே சொல்லிடுங்க தம்பி, மனுஷனுக்குச் சாப்பாடே இறங்கல."